ஸர் ஹென்றி ராய்ஸ்

மோட்டார் வண்டிகளின் சரித்திரத்தில் ஸர் ஹென்றி ராய்ஸ் என்னும் பெயரை அறியாதார் அரியர். ஆயினும், அப்பெயர்க்குப் புகழ் வந்த வழியை ஆராய்ந்தார் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1863ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள், இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரை யடுத்த ஆல்வால்ட்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். மாவாலைத் தொழிலில் நஷ்டமுற்ற தந்தையார், இவரது இளமையிலேயே காலமாயினர். செய்தித்தாள் விற்றும், தந்தி கொண்டு கொடுத்தும் வயிறு வளர்த்த இச்சிறுவர், உறவினராகிய மாதரசி ஒருவரின் உதவியால் இரயில்வே தொழிற்சாலையில் வேலை பயின்றார். மூன்றாண்டுகளில் அவ்வுதவியும் நின்றது. 1884இல் கிளேர்மாண்ட் என்னும் நண்பருடன் மாஞ்செஸ்டரில் மின்சாரக் கருவிப் பட்டறை யொன்று தொடங்கினார்; இவர் இட்ட முதல் 20 பவுனே.

தாம் வாங்கிய பிரெஞ்சு வண்டியின் குறைகளைக் கண்டு பொறாது, தாமே ஒன்று செய்யத் துணிந்தார். அது 1904 ஏப்ரல் முதல் நாளன்று ஓடிற்று. அடுத்த மாதமே ரோல்ஸ் என்பாரைச் சந்தித்தார். 1906இல் இருவர் பெயராலும் கம்பெனி அமைந்தது.

1907இல் இவரது வண்டி பெருஞ்சோதனைக் குள்ளாயிற்று. ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் 15,000 மைல் ஓடவேண்டும். 629ஆம் மைலில், அதிர்ச்சியாற் பெட்ரோல் குழாய் மூடிக்கொள்ள, வண்டி நின்றது. பின்னர் 14,371 மைல் தடையின்றி ஓடிற்று. உண்மையான சோதனையோ அதன் பின்னரே. வண்டியைக் கழற்றி உறுப்புக்களை அளக்கலாயினர்.

முன்சக்கரங்கள் திரும்புதற்கு ஆதாரமான கிங்பின்களே மிகுதியும் அடிபடுவன. பாதையின் ஒவ்வொரு குழியும் அவற்றைத் தாக்கும். பளுவால் சிறிதளவே வளையும் இரும்பு, பளு நீங்கியதும் நிமிரும். தேய்வால் வந்த ஆட்டமோ ஒருகாலும் தானே தீராது. ஆணியில் மயிரிழையளவான ஆட்டம், சக்கர விளிம்பிற் பன்மடங்காய்த் தோன்றி, வண்டியை வழிதவறச் செய்யும். ஆதலின் அளப்போர் கருணை காட்டவில்லை.

எஞ்சினிலும் பல்சக்கரங்களிலும் அளக்கத்தக்க தேய்வு காணப்படவில்லை. கிங்பின்களிலும், ஸ்டீரிங் தண்டின் குண்டு முனையிலும், வேறு சில சிற்றுறுப்புக்களிலும் மட்டுமே மாற்றம் வேண்டியிருந்தது. வண்டியைப் புதியதுபோலாக்க ஆன செலவு 2 பவுன் 2 ஷில்லிங் 7 பென்ஸ்!

பின்னாளில் நோயால் மெலிந்து, தொழிற்சாலைக்குத் தொலைவில் வாழ்ந்தபோதும் இவர் வரைபடத்தை விட்டிலர். 1930இல் பாரனெட் பட்டம் பெற்று, 1933 ஏப்ரல் 22ஆம் நாள் மறைந்தார்.

மாணவ நண்பர்காள்! தேய்வு சிறிதும் இல்லையென்று கூறி அவ்வண்டி புகழ் பெறவில்லை. உள்ள தேய்வைப் பிறர் அளந்தெழுத இடங்கொடுத்தே பெற்றது. நம் கல்வியையும் ஒழுக்கத்தையும் அங்ஙனம் கழற்றி அளக்க நாம் இசைவோமா என எண்ணிப் பார்ப்போமாக.