கரி தின்ற பேருந்து

குழந்தைகளே! திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் பேருந்தில் போயிருப்பீர்கள். எரிபொருளே கிடைக்காவிட்டால் பேருந்து எப்படி ஓடும்? இரண்டாம் உலகப் போரின்போது அந்த நிலைதான் வந்தது.

அதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். 1877இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். ரயில்வே, வங்கி வேலைகளை விட்டு, 1912இல் பேருந்து விடத் தொடங்கினார்.

பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து இன்ஜினுக்குத் தருவது கார்புரேட்டர். பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், அவர் 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்ற கருவியைத் தயாரித்தார். அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் ஒரு வாயு கிடைக்கும். அதை வடிகட்டி, காற்றோடு கலந்தால் இன்ஜின் ஓடும். ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 15 கிலோ காற்று தேவை; இந்த வாயுவுக்கோ ஏறக்குறைய சம அளவே போதும். கலவை தப்பினால் இன்ஜின் நின்றுவிடும். இழுவை குறைந்தாலும் வண்டிகள் ஓடின.

1955இல் அவர் மறைந்தார். இல்லை என்று உட்காராமல், இருப்பதைக் கொண்டு வழி தேடிய அவரைப் போல நீங்களும் முயலலாமே!