ஃபெயிலான புரொபசர்

போன செமஸ்டர் கணக்கில் எனக்கு அரியர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அரியர் என்றால் என்ன என்று அம்மாவுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் கேப்ரியல் லிப்மன் வாழ்க்கையைப் படித்தேன்.

1845-ல் லக்சம்பர்க் நாட்டில் பிறந்து பாரீசில் வளர்ந்தவர். பிடித்த பாடத்தை விழுந்து விழுந்து படிப்பார். பிடிக்காததைத் தொடவே மாட்டார். விளைவு? ஆசிரியர் ஆவதற்கான தேர்வில் ஃபெயில்! ஆனாலும் மனுஷன் லேபை விடவில்லை. ஜெர்மனி போய் கிர்க்காஃப், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரிடம் வேலை கற்றார். 1883-ல் பாரீஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்! மேரி கியூரி தம் ஆராய்ச்சியைத் தொடங்கியது இவருடைய லேபில்தான். சாயமே இல்லாமல் ஒளியலைகளைக் கொண்டு கலர் போட்டோ எடுத்ததற்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றார்.

என்னைக் கவர்ந்தது அதே ஆண்டில் அவர் சொன்ன இன்னொரு யோசனை. ஈயின் கண் மாதிரி நிறைய குட்டி லென்ஸ்கள் சேர்ந்த கேமரா அது. ஒவ்வொரு லென்ஸும் சற்றே வேறு கோணத்தில் பார்ப்பதால் படத்தில் ஆழம் தெரியும். சரி, ஃபோகஸ் செய்வது எப்படி? ஒரு லென்ஸ் என்றால் திருகை வைத்து முன்னே பின்னே நகர்த்தலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால்? எல்லாம் ஒரே அளவு நகர வேண்டும்; இம்மி பிசகினாலும் படம் கெட்டுவிடும். லிப்மன் திருகையே தூக்கிவிட்டார்! தகட்டின் ஒரு பக்கம் லென்ஸ்கள், மறுபக்கம் போட்டோ ரசாயனப் பூச்சு. தகட்டின் கனமே ஃபோகஸ் தூரம். லென்ஸ் மிகச் சிறியது என்பதால் கிட்ட இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஓரளவு தெளிவாகவே விழும்.

ஆனால் அவ்வளவு சின்ன லென்ஸ்களை வரிசையாகச் செய்ய அன்று வழியில்லை. வெறும் 12 லென்ஸை வைத்துத்தான் அவரால் சோதித்துப் பார்க்க முடிந்தது. 1921-ல் வட அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கப்பலிலேயே காலமானார்.

குட்டி லென்ஸ் வரிசையை உள்ளே வைத்து, படத்தை முதலில் எடு, ஃபோகஸைப் பிறகு மாற்றிக்கொள் என்ற லைட்ரோ கேமரா 2012-ல் கடைக்கு வந்தது. யோசனை பிறந்து 104 வருஷம் கழித்து!

யோசிக்க ஒரு லிப்மன் போதும். செய்து காட்ட மெஷினும் பட்டறையும் தெரிந்த கை வேண்டும் நண்பர்களே. அது நம் வேலை. முதலில் நான் அந்த அரியரை எழுதிவிட்டு வருகிறேன்!