வீட்டைச் சுமந்த வேட்டைக்காரர்



நம்ம இதழில் வழக்கமாக மகான்கள், சமயப் பெரியவர்கள் வாழ்க்கையைத்தான் எழுதுவோம். இந்த முறை ஜிம் கார்பெட்டைப் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் எங்கள் கிளைச் செயலாளர் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்து இளைஞர் இதழில் புலி சுட்ட வெள்ளைக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் ஐந்தாம் படிவம் முடித்த வருஷம் அப்பா போய்விட்டார். கருமாதி முடிந்த கையோடு மேற்படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. எனக்குக் கீழே ஒரு தம்பி, ஒரு தங்கச்சி. கடிதத்தை மேசை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு பெக்டரியில் இரவு ஷிப்டுக்குச் சேர்ந்தேன். யார்மேல் என்றே தெரியாத ஒரு கோபம் ரொம்ப நாள் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் என் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், படிடா, புலிக்கதை, தூக்கம் வராது என்று சொல்லி கார்பெட்டின் புத்தகங்கள் இரண்டைக் கொடுத்தார். புலிக்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது புலி இல்லை.

கார்பெட் 1875 ஜூலை 25ஆம் தேதி இமயமலை அடிவாரத்து நைனிடாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். பெரிய குடும்பம். பையனுக்கு ஆறு வயது முடியுமுன்னே அப்பா இறந்துவிட்டார். அண்ணன் டாம் அதே வேலைக்குப் போய்த்தான் வீட்டைத் தாங்கினார். வெயில் காலத்தில் நைனிடால், குளிர் காலத்தில் கீழே காலாடுங்கி கிராமம் என்று இரண்டு இடத்தில் வாழ்க்கை. காலாடுங்கியைச் சுற்றிக் காடு. ஒரு குழாய் வெடித்துப்போன பழைய துப்பாக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சின்னப் பையன் தனியாகக் காட்டுக்குள் அலைவான். எந்தப் பறவை எதற்குக் கத்துது, எந்த மான் எதைப் பார்த்து மிரளுது என்று காதாலேயே படித்தான். குன்வர் சிங் என்கிற கிராமத்துக்காரர்தான் அவனுக்குக் காட்டு வாத்தியார்.

காட்டிலேயே கிடந்திருக்கலாம். ஆனால் வீட்டில் பணம் இல்லை. இருபது வயது ஆவதற்குள் ரயில்வேயில் சேர்ந்து, பிறகு பீகாரில் கங்கைக்கரையில் இருக்கும் மொகாமா காட் என்ற இடத்துக்குப் போனார். ஒரு கரையில் வந்து குவியும் சரக்கை மறுகரைக்குக் கடத்திவிடும் குத்தகை. மலையும் இல்லை, புலியும் இல்லை. நிலக்கரித் தூசியும் மூட்டையும்தான். அங்கே இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார்! நாம் படங்களில் பார்க்கிற கார்பெட்டின் வாலிபம் முழுக்க அந்தக் கரையில்தான் கழிந்தது. அனுப்பிய பணம் அம்மாவுக்கும் அக்கா மேகிக்கும் போனது. இந்த இடத்தைப் படித்தபோது நான் ஷிப்டு இடைவேளையில் கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

தொடக்கத்தில் மூன்று மாதம் அவருக்கே பணம் வரவில்லை. கூலிக்காரர்கள் கடனில் சாப்பிட்டு, பிறகு கடனும் கிடைக்காமல் அரைவயிற்றோடு மூட்டை தூக்கினார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து தூக்கினார். கடைசியில், நாளை மதியத்தோடு வேலை நிற்கும் என்று மேலிடத்துக்குத் தந்தி அடித்த பிறகுதான் பணம் வந்தது. அந்த மூன்று மாதத்தில் ஆட்கள் அவரை விட்டுப் போகவில்லை.

அதே ஊரில் ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணோடு சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். சாதி குறுக்கே வந்தது. மேல்சாதிப் பிள்ளைகள் கீழ்சாதிப் பிள்ளைகளோடு ஒரே குடிசைக்குள் உட்காரக்கூடாதாம். ராம் சரண் யாரோடும் சண்டை போடவில்லை. குடிசையின் சுவர்களைக் கழற்றிவிட்டார். சுவர் இல்லை என்றால் அது குடிசை இல்லை, வெறும் கொட்டகை. கொட்டகையில் ஒன்றாக உட்கார ஆட்சேபம் இல்லை! இருபது பிள்ளைகளோடு தொடங்கி இருநூறு வரை வளர்ந்தது அந்தப் பள்ளி. நம்ம ஊர் கோயில் கமிட்டிகளில் சில சண்டைகளைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். அங்கே நிலக்கரி ஆட்களுக்குத் தலைவராக இருந்த சமாரி என்பவர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதி. காலரா கண்டு அவர் உயிர் போனபோது பக்கத்திலேயே இருந்தவர் கார்பெட்.

இனி புலிக்கு வருவோம். 1907இல் சம்பாவத் பகுதியில் ஒரு பெண் புலி. நேபாளத்திலும் குமாவோனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றது என்று கணக்கு. கார்பெட் இரண்டு நிபந்தனை போட்டார். அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பரிசுக்காகச் சுட்டவன் என்ற பேர் அவருக்கு வேண்டாம். புலியைக் கொன்ற பிறகு வாயைத் திறந்து பார்த்தால் ஒரு பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டு. காட்டு மிருகத்தைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதனிடம் வந்தது. புலி பிறவியிலேயே கொலைகாரன் இல்லை என்று அவர் ஆயுசு முழுக்க எழுதியதற்கு இந்தப் பற்கள் ஒரு காரணம்.

நமக்கு இன்னும் நெருக்கமானது ருத்ரபிரயாகை. அலக்நந்தாவும் மந்தாகினியும் சேரும் இடம். கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் போகிற பாதைகள் பிரியும் இடமும் அதுதான். யாத்ரீகர்கள் நடந்தே போய், வழியில் புல் வேய்ந்த கொட்டகைகளில் படுப்பார்கள். 1918 முதல் 1926 வரை ஒரு சிறுத்தை அந்தப் பாதையில் 125 பேரைக் கொன்றது. இருட்டினால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். 1918 விஷக்காய்ச்சலில் செத்தவர்களை முழுதாக எரிக்க முடியாமல் மலைச்சரிவில் விட்டார்கள், அங்கேதான் சிறுத்தை மனித மாமிசத்தைப் பழகியது என்பது கார்பெட்டின் கணிப்பு. ஆற்றுப் பாலத்துக் கோபுரத்தின்மேல் மட்டும் இருபது இரவு குளிரில் காத்திருந்தார். சிறுத்தை வரவில்லை. கடைசியில் 1926 மே மாதத் தொடக்கத்தில் குலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின்மேல் உட்கார்ந்து, கீழே கட்டிய ஆட்டின் மணிச்சத்தத்தை வைத்து இருட்டில் சுட்டார். வயது ஐம்பது. பயந்தேன் என்று எழுத அவர் வெட்கப்பட்டதே இல்லை. அதனாலேயே அவர் எழுத்தை நான் நம்புகிறேன்.

தோற்ற கதையையும் மறைக்கவில்லை. தேவிதுரா கோயில் பக்கத்தில் ஒரு புலி. தாராளமாகச் சுடுங்கள், ஆனால் உங்களாலும் முடியாது, வேறு யாராலும் முடியாது என்றார் பூசாரி. கார்பெட் திரும்பத் திரும்ப முயன்றார். முடியவில்லை! அந்தப் புலிக்கே ஒரு புத்தகத்தின் தலைப்பைக் கொடுத்தார்.

அவரைச் சாமியாக்க நான் எழுதவில்லை. வாலிபத்தில் ஆசைக்காகவும் சுட்டிருக்கிறார். வெள்ளைக்கார ஆட்சியின் பிள்ளைதான், அதிகாரிகள் எல்லாம் நண்பர்கள். ஆனால் போகப்போக துப்பாக்கியைவிட கேமராதான் பெரிதாயிற்று. புலிகளைப் படம் பிடிக்கக் காலாடுங்கியில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய அவரும் உழைத்தார். இறந்த பிறகு அதற்கு அவர் பேரையே வைத்தார்கள். நம்ம நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. 1968இல் இந்தோசீனப் புலி இனத்துக்கு அவர் பேரை அறிவியல் பேராகச் சூட்டினார்கள். 2004 வரை மலேசியக் காட்டுப் புலியும் அந்த இனத்தில்தான் சேர்த்தி. இப்போது நம்ம காடுகளில் 150க்கும் குறைவாகத்தான் மிச்சம்.

கார்பெட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேகியும் அப்படியே. அம்மாவை 1924இல் அவர் சாகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டார்கள். காலாடுங்கியில் வீட்டு வாசலில் வந்து நிற்கும் கிராமத்து நோயாளிகளுக்கு மேகி மருந்து கொடுப்பார். பக்கத்தில் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை வாங்கிக் குடியானவர்களை வைத்து, காட்டுப்பன்றியும் மானும் பயிரை மேயாமல் இருக்க ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார் கார்பெட். முதல் உலகப்போரில் 500 குமாவோன் ஆட்களை பிரான்ஸுக்குக் கூட்டிப்போய், ஒருவரைத் தவிர எல்லாரையும் ஊர் திரும்ப வைத்தார். குடும்பம் என்றால் அவர் கணக்கில் இவ்வளவு பேரும் சேர்த்திதான்.

1947 நவம்பரில், 72 வயதில், அக்காவைக் கூட்டிக்கொண்டு கென்யாவுக்குப் போய்விட்டார். புது நாட்டில் தங்களுக்கு இடம் இருக்குமா என்ற பயம். எனக்கு இந்தப் பகுதியைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும். மனுஷன் எந்த மண்ணைத் தெரிந்து வைத்திருந்தாரோ அந்த மண்ணையே சந்தேகப்பட வேண்டி வந்துவிட்டது. நியேரியில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் வாழ்ந்த அதே சின்ன வீட்டில் குடியிருந்தார். அங்கிருந்தும் சோட்டி ஹல்த்வானி குடியானவர்களுக்காக நிலவரியைக் கட்டிக்கொண்டே இருந்தார். 1955 ஏப்ரல் 19இல் மாரடைப்பில் இறந்தார். நிலம் பிறகு அந்தக் குடியானவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. மேகி 1963வரை அங்கேயே இருந்தார். இருவரும் காலாடுங்கிக்குக் குடித்தனம் செய்யத் திரும்பவே இல்லை.

இதை எழுதும்போதும் நான் இரவு ஷிப்டுதான். தங்கச்சி இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. லீவுக்கு வந்தால் அவளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மலையேறப் போவேன். இறங்கி வந்து மூன்று பேரும் பசியாறிவிட்டு வீட்டுக்குப் போவோம். அந்தக் கடிதம் இன்னும் மேசை அறைக்குள்தான் இருக்கு. பூட்டு மட்டும் இல்லை.