யார் பெயரில் வேண்டுமானாலும் மெயில் போவது எப்படி? ஜான் போஸ்டல் எழுதிய விதி

மெயிலில் சென்ட் பட்டனைத் தட்டியதும் உங்க சர்வர், எதிர்முனை சர்வரைக் கூப்பிட்டு முதலில் வணக்கம் சொல்லும். அனுப்புவது யார், போய்ச் சேரவேண்டியது யாருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். 250 என்று பதில் வந்தால் ஓகே. 550 வந்தால், அந்தப் பெட்டி இங்கே இல்லைன்னு அர்த்தம். அப்புறம்தான் கடிதமே நகரும். எஸ்.எம்.டி.பி. என்ற இந்தப் பேச்சுமுறையை 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டவர் ஜான் போஸ்டல்.

1943-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். நீளத் தாடி, காலில் சாதாரணச் செருப்பு. யு.சி.எல்.ஏ. மாணவராக, 1969-ல் அர்பாநெட்டின் முதல் இணைப்பு வந்த குழுவில் இருந்தார். இணைய விதிகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களைச் சாகும்வரை தொகுத்தது அவர்தான். அனுப்பும்போது கறார், வாங்கும்போது தாராளம்: இதுதான் அவர் கொள்கை.

தாராளம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அனுப்புநர் இடத்தில் யார் பெயரைப் போட்டாலும் சர்வர் நம்பிவிடும். சரிபார்க்க அந்த விதியில் வழியே இல்லை. இத்தனைக்கும் குப்பை மெயில் தொல்லை பற்றி 1975-லேயே ஆவணம் எழுதியவர் அவர்! ஆனால் 1982-ல் வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகள்தான், பெரும்பாலும் தெரிந்தவர்கள். யாரைச் சந்தேகப்படுவது?

1998 அக்டோபர் 16-ல், இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 55 வயதில் இறந்துபோனார். பேங்க் பெயரில் வரும் போலி மெயிலைப் பிடிக்கிற எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். சோதனைகள் எல்லாம் அதற்குப் பின்னால் மேலே ஒட்டவைத்தவை. அடியில் சர்வர்கள் இன்னும் அதே 250, 550-ல்தான் பேசிக்கொண்டிருக்கின்றன.