டீசல் என்றொரு மாணவர்

நம் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்த யாரும் ஐ.சி. இன்ஜின் லேபில் இருந்த ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினை மறந்திருக்க மாட்டார்கள். ஹேண்டிலைப் போட்டு மூச்சு வாங்கச் சுற்றி, ஒருவழியாக அது புகை கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியதும் ரீடிங் எடுப்போம். டீசல் என்பது ஓர் ஆளின் பெயர், அவரும் நம்மைப் போல மெக்கானிக்கல் படித்துவிட்டு வேலை தேடிப் போனவர்தான் என்பது எனக்கு உறைத்ததே வேலையில் சேர்ந்து சில வருஷங்கள் கழித்துத்தான். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அவரைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மன்காரர்கள். அப்பாவுக்குத் தோல் பொருட்கள் செய்யும் தொழில். வசதி ஒன்றும் கிடையாது. 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டதும் குடும்பம் பாரிஸை விட்டு லண்டனுக்கு ஓட வேண்டியதாயிற்று. 12 வயதுப் பையனை ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த சித்தி வீட்டுக்குத் தனியாக அனுப்பி வைத்தார்கள். சித்தப்பா கணக்கு வாத்தியார். படிப்பில் பையன் முதலாவதாக வந்தான். சீக்கிரம் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால் தேவலை என்பது வீட்டார் எண்ணம். அவரோ ஸ்காலர்ஷிப் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு 1875-ல் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டார். இந்தக் கட்டம் நம்மில் பலருக்குப் பழக்கப்பட்ட கதைதான்.

அங்கே தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவர், குளிர்பதன இயந்திரத்துக்குப் பேர்போன பேராசிரியர் கார்ல் லிண்டே. நல்ல நீராவி இன்ஜின்கூட எரிக்கும் கரியின் வெப்பத்தில் சுமார் 10 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றுகிறது என்று அவர் ஒருநாள் வகுப்பில் சொன்னார். மீதியெல்லாம் வீண். கார்னோ சைக்கிளை நாமும்தான் படித்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். டீசல் அதை நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டார். கடைசி வரை அந்தக் குறிப்பு அவரை விடவில்லை.

1879-ல் டைபாய்டு வந்து இறுதித் தேர்வு எழுத முடியாமல் போயிற்று. அடுத்த தேர்வு வரும் வரை சும்மா இருக்காமல் ஸ்விட்சர்லாந்தில் சுல்சர் தொழிற்சாலையில் வேலை பழகினார். 1880 ஜனவரியில் மிகச் சிறப்பாகத் தேறி, லிண்டேயின் கம்பெனிக்காகப் பாரிஸில் ஐஸ் தயாரிக்கும் பிளான்ட்டில் சேர்ந்தார். பத்து வருஷத்துக்கும் மேல் சம்பளக்காரர். இடையில் அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜின் ஒன்றைச் சொந்தமாகச் செய்து பார்த்தார். அது வெடித்து அவரை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது.

1892-ல் புதிய இன்ஜினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். காற்றை மட்டும் மிக அதிகமாக அழுத்தினால் அது தானே பழுக்கக் காய்ந்துவிடும். அந்தச் சூட்டில் எரிபொருளைச் செலுத்தினால் பொறியே தேவையில்லை, தானாகப் பற்றிக்கொள்ளும். யோசனை சரி. ஆனால் வெப்பநிலை மாறாமல் எரிய வேண்டும் என்று கார்னோவைப் பின்பற்றி அவர் போட்ட கணக்கு நடைமுறைக்கு ஒத்து வரவில்லை. அப்படி எரித்தால் கிடைக்கும் வேலை இன்ஜினின் உராய்வுக்கே சரியாகிவிடும். 1893-ல் இது அவருக்கே புரிந்துவிட்டது. கணக்கை மாற்றி இன்னொரு காப்புரிமை எடுத்தார். நாம் படிக்கும் டீசல் சைக்கிளில் அழுத்தம் மாறாமல் எரிகிறதே, அது இப்படித் திருத்திய பிறகு வந்ததுதான்.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை இடம் கொடுத்தது, க்ரூப் கம்பெனி பணம் கொடுத்தது. 1893 ஆகஸ்ட் 10-ல் முதல் சோதனை. எரிபொருள் பற்றியது, அழுத்தம் காட்டும் இண்டிகேட்டர் வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரி 17-ல்தான் இன்ஜின் முதன்முதலில் தானாக ஓடிற்று. எவ்வளவு நேரம்? ஒரே ஒரு நிமிடம். சரியாக மூன்று வருஷம் கழித்து, 1897 பிப்ரவரி 17-ல், அவர் படித்த அதே கல்லூரியின் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து அளந்து பார்த்தார். எஃபிஷியன்சி 26.2 சதவீதம். வகுப்பில் கேட்ட கணக்குக்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று.

பிறகு புகழும் பணமும் கொட்டின. ஆனால் லைசென்ஸ் வாங்கியவர்கள் செய்த ஆரம்ப கால இன்ஜின்கள் பல அடிக்கடி நின்றன. அந்தக் கவலையில் அவர் உடம்பு கெட்டது. நிலத்திலும் பிற முதலீடுகளிலும் போட்ட பணம் கரைந்தது. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் டிரெஸ்டன் கப்பலில் சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனவர் காலையில் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் கிடைத்த உடலிலிருந்து எடுத்த பொருட்களைப் பார்த்து மகன் அடையாளம் சொன்னார். தற்கொலை என்றே பலர் கருதுகிறார்கள்; நிரூபணமாகவில்லை. வயது 55.

பெரிய முதலாளிகளோடு போட்டி போட முடியாத கைத்தொழில்காரனுக்குச் சின்ன இன்ஜின் ஒன்று வேண்டும் என்பதே அவர் ஆசை. அவர் காலத்து டீசல் இன்ஜினோ எரிபொருளை ஊதிச் செலுத்தத் தனியாக ஏர் கம்ப்ரெசர் கேட்டது. அதனால் ஆலைக்கும் கப்பலுக்கும்தான் லாயக்காக இருந்தது. 1927-ல் பாஷ் கம்பெனியின் இன்ஜெக்‌ஷன் பம்ப் வந்த பிறகு சிறிய இன்ஜின்கள் பரவ வழி பிறந்தது. கரண்ட் வராத காலத்தில் நம் ஊர்க் கிணற்று மேடுகளில் டப டபவென்று ஓடி வயலுக்குத் தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜின், அவர் கண்ணால் பார்க்காமல் போன ஆசைதான்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒன்றே: மெக்கானிக்கலுக்கு வேலை உண்டா, டீசலுக்கே காலம் முடிந்து மின்சார வண்டி வந்துவிட்டதே? டீசலும் நீராவி கொடிகட்டிப் பறந்த காலத்தில் படித்தவர்தான். அவர் சோறு சாப்பிட்டது ஐஸ் பிளான்ட்டில். பேர் வாங்கியது இன்ஜினில். இரண்டுக்கும் மூலதனம் அந்த ஒரு தெர்மோடைனமிக்ஸ் பேப்பர். மின்சார வண்டியின் பேட்டரியையும் யாராவது குளிர வைத்தாக வேண்டுமே! வரவு செலவுக் கணக்கையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள் என்பதை மட்டும் அவர் வாழ்க்கையைப் பார்த்துச் சேர்த்துச் சொல்வேன்.

மறுசந்திப்புக்கு வரும் நண்பர்கள் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் ஒரு நடை அந்த லேபுக்கு வாருங்கள். ஹேண்டில் இன்னும் இருந்தால் முதல் சுற்று நான் சுற்றுகிறேன்.