கிராம சபையை வளர்த்தவர் பிராந்திய சபையைக் கைவிட்ட கதை

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்துள்ள வெல்லாவெளியைத் தலைமையிடமாகக் கொண்டது போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம். அங்கு வாழும் விவசாயிக்கு ஆட்சி என்பது பல படிகளைக் கொண்டதொன்றாகும். கிராமத்தில் கிராம உத்தியோகத்தர், அதற்கு மேல் பிரதேச செயலகம், மக்கள் தெரிவு செய்யும் பிரதேச சபை, மட்டக்களப்பு நகரில் மாவட்டச் செயலகம், திருகோணமலையில் மாகாண நிர்வாகம், கொழும்பில் அமைச்சுகள் என அப்படிகள் நீண்டு செல்கின்றன. மாரி வெள்ளத்தில் கிரவல் வீதியொன்று அறுத்துச் செல்லப்பட்டால், அது பிரதேச சபையின் வீதியா, மாகாணத்தின் வீதியா, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் வீதியா என்று அறிந்து கொள்வதற்குள்ளேயே அடுத்த போகம் வந்துவிடுகின்றது.

பரந்த பிரதேசமொன்றுக்குப் பொறுப்பான பெரிய சபையும், சில கிராமங்களுக்கு மட்டும் பொறுப்பான சிறிய சபையும் ஒன்றையொன்று விழுங்காமலும் முடக்காமலும் எவ்வாறு இணைந்து பணியாற்றுவது என்ற கேள்வி இந்நாட்டுக்குப் புதியதன்று. அக்கேள்வியோடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊடாடியவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஆவார். தமிழ் பேசும் மக்களின் நினைவில் அவர் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவராகவும், செய்த ஒப்பந்தத்தைக் கிழித்தவராகவுமே நிலைத்துள்ளார். அந்த நினைவில் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உள்ளூராட்சியின் தந்தை எனச் சொல்லத்தக்க பணியையும் அவரே ஆற்றினார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதுதான் அவரது வாழ்க்கை நமக்குத் தரும் பாடம் துலங்குகின்றது.

1899 ஜனவரி 8 ஆம் திகதி அவர் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்க மகா முதலியாராக இருந்தவர். பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் கிராமங்களை ஆட்டிப் படைத்த தலைமைக்காரர் முறையின் உச்சியில் வீற்றிருந்த குடும்பம் அது. மட்டக்களப்பில் வன்னியனார், உடையார், விதானை என்ற வரிசை எவ்வாறு மக்களுக்கும் அரசுக்கும் இடையில் நின்றதோ, அவ்வாறே தென்னிலங்கையில் முதலியார் வரிசை நின்றது. ஒக்ஸ்போர்டில் பயின்று 1925 ஆம் ஆண்டில் நாடு திரும்பிய மகன், தந்தையாரின் பதவி வழியைத் தேடாது தேர்தல் வழியைத் தேடினார்.

1926 ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே பொருத்தமானது என்று பத்திரிகையில் தொடர் கட்டுரைகள் எழுதினார். யாழ்ப்பாணத்திற்கு வந்து அதே கருத்தை உரையாகவும் நிகழ்த்தினார். அக்காலத்தில் தமிழ்த் தலைவர்களே அக்கோரிக்கையை முன்வைத்திருக்கவில்லை என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1927 இல், தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவை வென்று கொழும்பு மாநகர சபையில் அமர்ந்தார். வாய்க்காலும் விளக்கும் சந்தையும் சுகாதாரமும் தான் ஆட்சியின் அடிப்படை என்பதை அறிந்து கொள்ள அது அவருக்கு ஒரு பாடசாலையாக அமைந்தது எனலாம்.

1931 இல் அரசாங்க சபைக்குத் தெரிவான அவர், 1936 இல் உள்ளூராட்சிக்கான நிர்வாகக் குழுவின் தலைவராகி அதன் வழியாக அமைச்சரானார். அப்போது இங்கிருந்த கிராமக் குழுக்கள் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்தவை. பெயரளவில் மக்களுடையவையாக இருந்தாலும், பெரும்பாலும் தலைமைக்காரரே அவற்றுக்குத் தலைமை தாங்கினர். அதிகாரமும் வருமானமும் சொற்பமாகவே இருந்தன. 1938 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இந்நிலையை மாற்றியது. உத்தியோகத் தலைவருக்குப் பதிலாக உறுப்பினர்கள் தமக்குள் தலைவரைத் தெரிவு செய்யும் முறை வந்தது. வாக்குரிமை பெண்களுக்கும் விரிந்தது. குழுக்களின் பணிகளும் பெருகின. மகா முதலியாரின் மகனே கிராமத்துத் தலைமை நாற்காலியிலிருந்து தலைமைக்காரரை எழுப்பினார் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

இச்சீர்திருத்தத்திலும் ஒரு பெருங்குறை இருந்தது. தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள் கிராம சபை வாக்குரிமையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டனர். தோட்டம் வேறு, கிராமம் வேறு என்று அன்று போடப்பட்ட கோடு எளிதில் அழியவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் கீழும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதில் தடை இருந்தது. 2018 ஆம் ஆண்டில் தான் சட்டத்திருத்தம் வந்தது.

அதன் பின்னர் 1939 இல் நகர சபைகளுக்கும், 1946 இல் பட்டின சபைகளுக்கும், 1947 இல் மாநகர சபைகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. கீழ்ப்படியில் கட்டடம் ஓரளவு எழுந்துவிட்டது. ஆனால் ஒரு கிராம சபையால் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்ட முடியாது. ஆஸ்பத்திரி நடத்த முடியாது. பல ஊர்களுக்குப் பாயும் நீரைப் பங்கிட முடியாது. இதனை உணர்ந்தே 1940 இல் அவரது நிர்வாகக் குழு, மாகாண சபைகளை அமைக்கும் யோசனையை முன்வைத்தது. கிராம சபைகளின் தலைக்கு மேல் கச்சேரியும் கொழும்பும் மட்டுமே இருந்த வெற்றிடத்தை, மக்கள் பிரதிநிதிகளைக் கொண்ட ஒரு பெரிய சபையால் நிரப்புவதே அதன் உட்கருத்தாகும். சுதந்திரத்தின் பின் சுகாதார, உள்ளூராட்சி அமைச்சராக இருந்தபோதும் அந்த யோசனை நிறைவேறவில்லை. 1951 இல் ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து விலகி ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியை அமைத்தார். 1955 இல் சொக்சி ஆணைக்குழுவும் பிராந்திய சபைகள் வேண்டும் என்றே சிபாரிசு செய்தது.

இக்காலத்தில் கிழக்கில் வேறொரு வகைப் பெரிய அதிகார சபை தோன்றியிருந்தது. 1949 இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையே அது. அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரும் நிலப்பரப்பில் அணை கட்டி, கால்வாய் வெட்டி, குடியேற்றங்களை அமைத்தது. நெல் விளைந்தது உண்மை. ஆனால் அச்சபை மக்களால் தெரிவு செய்யப்பட்டதன்று. மத்திய அரசுக்கே பொறுப்புக் கூறியது. யாருக்குக் காணி, யாருக்கு வேலை என்ற தீர்மானங்களில் சுற்றியிருந்த தமிழ், முஸ்லிம் கிராமங்களின் சபைகளுக்குச் சட்டபூர்வமான இடம் இருக்கவில்லை. கீழுள்ள சபையைக் கேளாது மேலுள்ள சபை செயற்பட்டால் அபிவிருத்தியே அச்சமாக மாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

1956 ஏப்ரலில் பண்டாரநாயக்க பிரதமரானார். ஜூன் மாதத்தில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. காலி முகத்திடலில் சத்தியாக்கிரகம் செய்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டனர். அதே மாதம் கல்லோயாப் பள்ளத்தாக்கில் வெடித்த வன்செயலில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் சார்பில் கல்முனையிலும் பொத்துவிலிலும் முஸ்லிம் பிரதிநிதிகள் தெரிவாகியிருந்தனர். தமிழ் பேசும் மக்கள் என்ற சொல் அன்று இரு சமூகத்தவரையும் குறித்து நின்றது.

இந்தப் பின்னணியிலேயே 1957 ஜூலை 26 ஆம் திகதி பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வடமாகாணம் ஒரு பிராந்தியமாகவும், கிழக்கு மாகாணம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிராந்தியங்களாகவும் அமையும் என்று அது கூறியது. பிராந்தியங்கள் மாகாண எல்லை கடந்தும் இணையலாம். பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துடன் ஒரு பிராந்தியம் பிரியலாம். பொது நன்மைக்காக ஒத்துழைக்கலாம். உறுப்பினரை மக்களே நேரடியாகத் தெரிவு செய்வர். விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீடமைப்பு, மின்சாரம், நீர், வீதி ஆகியன சபைகளிடம் செல்லும். வரி விதிக்கவும் கடன் பெறவும் அதிகாரம் உண்டு. குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரமும் அவற்றுக்கே உரியது. கிழக்கைப் பிரிக்க இடமளித்ததன் மூலம் தென்கிழக்கு முஸ்லிம்களுக்கும் தமக்கென ஒரு சபை அமையும் வாய்ப்பு இருந்தது என்று கருத இடமுண்டு.

ஆயினும் அந்த ஆவணத்தில் சில முடிச்சுகள் அவிழ்க்கப்படவில்லை. பெரிய நகரங்களும் மாநகர சபைகளும் பிராந்திய சபையின் கீழ் எவ்வாறு இயங்கும் என்பது பின்னர் ஆராயப்பட வேண்டிய விடயமாகவே விடப்பட்டது. கல்லோயாச் சபையின் பகுதியும் அவ்வாறே விடப்பட்டது. மேற்படிக்கும் கீழ்ப்படிக்கும் இடையிலான உறவை வரையறுக்கும் வேலை சட்டமூலத்திற்கென ஒத்திவைக்கப்பட்டது. அந்த வேலையைச் செய்து முடிக்கும் அனுபவம் உடைய ஒருவர் அன்று பிரதமர் பதவியில் இருந்தார். ஆனால் காலம் அவருக்கு இடம் தரவில்லை. அல்லது அவர் காலத்தை எதிர்த்து நிற்கவில்லை. 1957 ஒக்டோபரில் ஜே.ஆர். ஜயவர்தன ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டி நோக்கி யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9 ஆம் திகதி பிக்குமார் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் நாடு இனக்கலவரத்தில் எரிந்தது. 1959 செப்டெம்பர் 25 ஆம் திகதி பிக்கு ஒருவரால் சுடப்பட்ட பண்டாரநாயக்க மறுநாள் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற கட்டடத்தின் கதை அத்துடன் முடியவில்லை. மேற்படியைக் கட்ட எழுந்த அடுத்த முயற்சி, கீழ்ப்படியை இடித்தது. கண்டி யாத்திரை சென்ற அதே ஜயவர்தன ஜனாதிபதியானபின், 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை அமைத்தார். அப்போது நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட கிராம சபைகளும் பட்டின சபைகளும் கலைக்கப்பட்டன. மாவட்ட அபிவிருத்திச் சபைகளும் நிலைக்கவில்லை. 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் மாகாண சபைகளும், அதே ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரதேச சபைகளும் வந்தன. பல கிராம சபைகள் இருந்த இடத்தில் ஒரு பிரதேச சபை அமர்ந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தில் போரினால் நீண்ட இடைவெளி விழுந்து, 2008 மார்ச் 10 அன்றே மக்கள் உள்ளூராட்சிச் சபைகளுக்கு மீண்டும் வாக்களித்தனர்.

இந்த இணைப்பின் வடுவைக் கல்முனையில் காணலாம். கல்முனைப் பட்டின சபையும் கரவாகு வடக்கு, மேற்கு, தெற்கு ஆகிய கிராம சபைகளும் என நான்காக இருந்தவை ஒரே சபையாக்கப்பட்டன. அச்சபை பின்னர் மாநகர சபையாகவும் உயர்ந்தது. ஆனால் கரவாகு தெற்குச் சபையை இழந்த சாய்ந்தமருது மக்கள் தமக்குத் தனிச் சபை வேண்டும் என்று ஆண்டுக் கணக்கில் கோரினர். 2018 தேர்தலில் அக்கோரிக்கையை முன்வைத்த சுயேச்சைக் குழுவுக்கே பெருமளவில் வாக்களித்தனர். 2020 பெப்ரவரியில் தனி நகர சபைக்கான வர்த்தமானி வெளியாகி, சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. மறுபுறம், கல்முனை வடக்குத் தமிழ் மக்கள் தமது பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரிப் போராடினர். இவ்விரு கோரிக்கைகளையும் இனப்பகையாக மட்டும் பார்ப்பது தவறு. பெரிய சபைக்குள் தமது ஊருக்குக் குரலும் பங்கும் இல்லை என்ற உணர்வே இரண்டுக்கும் வேர் என்பது நமது எண்ணம்.

ஆகவே பண்டாரநாயக்கவின் வாழ்விலிருந்து நாம் பெறக்கூடிய பாடம் இதுதான். பெரிய சபையும் சிறிய சபையும் நல்லெண்ணத்தால் மட்டும் ஒத்துழைக்க மாட்டா. எது யாருடைய பணி, அதற்கான பணம் எங்கிருந்து வரும், முரண்பாடு எழுந்தால் யார் தீர்ப்பது என்பன சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாது விட்டால், பலமுள்ள சபை பலமற்றதை விழுங்கிவிடும். இந்தியாவில் 1993 இல் நடைமுறைக்கு வந்த 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதனையே செய்ய முயன்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணைக்குழு அமைத்து ஊராட்சிகளின் பங்கை நிர்ணயிக்க வேண்டும் என்று அது விதித்தது. கேரளம் 1996 முதல் தனது திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளூராட்சிகளுக்கு ஒதுக்கி, கிராமத்தவரே திட்டங்களை வகுக்க வழிசெய்தது.

இங்கோ, 2017 செப்டெம்பரில் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு ஆண்டுக் கணக்கில் தேர்தல் நடைபெறவில்லை. 2018 இல் தெரிவான உள்ளூராட்சிச் சபைகள் 2023 இல் முடிந்தபின், அடுத்த தேர்தலுக்கு 2025 மே மாதம் வரை காத்திருக்க நேர்ந்தது. இரு படிகளும் ஒரே காலத்தில் மக்கள் பிரதிநிதிகளால் இயங்காதபோது ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுவதே வீண்.

இருப்பினும், சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சபை உறுப்பினர் அல்லாதவர்களையும் சேர்த்துக் குழுக்களை அமைக்கப் பிரதேச சபைச் சட்டம் இடமளிக்கின்றது. வெல்லாவெளி போன்ற பரந்த பிரதேசத்தில், பழைய கிராம சபை எல்லைகளை ஒட்டி ஊர்க்குழுக்களை அமைத்து, ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை வகுக்கும் முன் அவற்றின் கருத்தைக் கேட்கலாம். வீதிகளின் உரிமைப் பட்டியலை மாகாணத் திணைக்களமும் பிரதேச சபையும் கமநல சேவையும் ஒன்றாக அமர்ந்து தயாரித்து மக்களுக்கு வெளியிடலாம். தமிழ், முஸ்லிம் சபைகள் எல்லைப் பிணக்குகளைக் கொழும்புக்குக் கொண்டு செல்லும் முன், குப்பை, குடிநீர், வடிகால் போன்ற பொதுப் பிரச்சினைகளில் கூட்டாகச் செயற்படலாம். ஒப்பந்தமொன்று கைவிடப்பட்டதன் விலையை ஆறு தசாப்தங்களுக்கு மேலாகச் செலுத்தி வந்த மக்கள் நாம். அடிப்படியிலேனும் நமக்குள் ஓர் உடன்பாட்டை எட்டுவது காலத்தின் கட்டாயமாகும்.