மரணப் படுக்கையில் ஒரு மஸ்அலா

ஹிஜ்ரி 362, துல்ஹஜ் பிறை 3-ல் (கி.பி. 973) குவாரிஸம் நாட்டில் பிறந்தவர்கள் அபூ ரைஹான் அல்பீரூனி (ரஹ்) அவர்கள். வான சாஸ்திரம், கணிதம், பூகோளம், மூலிகை என்று அன்னார் எழுதாத துறை அரிது. அவற்றையெல்லாம் அடுக்குவது நம் நோக்கமன்று. தெரியாததை யாரிடமும் கூசாமல் கேட்கும் குணம் கடைசி மூச்சுவரை அவர்களிடம் இருந்தது. அதைச் சொல்லவே வந்தோம்.

வாலிபத்தில், தம்மைவிட ஏறக்குறைய 7 வயது இளையவரான இப்னு ஸீனாவுக்கு 18 கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்பது அவற்றில் ஒன்று. வந்த பதில்களில் பல திருப்தி தராமல் போகவே, மறுத்துத் திரும்பவும் எழுதினார்கள்.

1017-ல் சுல்தான் மஹ்மூது குவாரிஸத்தைப் பிடித்தபோது பீரூனி அவர்களும் கஸ்னீக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டது. அதன் பிறகுதான் ஹிந்துஸ்தானத்துப் பண்டிதர்களிடம் மாணவராய் அமர்ந்து ஸமஸ்கிருதம் படித்தார்கள். சுல்தானின் படையெடுப்புகளால் இத்தேசத்தார் மனம் புண்பட்டிருந்த காலம் அது. அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். இப்படிக் கேட்டறிந்தவையே சுமார் 1030-ல் 80 அத்தியாயங்கள் கொண்ட அரபு நூலாயின. அதற்குச் சற்று முன்னர், ரைஹானா என்ற பெண்மணிக்காகக் கணிதத்தையும் வான சாஸ்திரத்தையும் கேள்வி பதிலாகவே ஒரு கிதாபில் வடித்துக் கொடுத்தார்கள்.

ஹிஜ்ரி 440-ஐ ஒட்டி, கஸ்னீயில் சக்கராத்து நேரம். யாகூத் ஹமவீ அவர்கள் எழுதி வைத்துள்ள செய்தி இது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நிலையில், பார்க்க வந்த ஃபகீஹ் ஒருவரிடம், அவர் முன்பு சொன்ன ஒரு பாகப்பிரிவினைக் கணக்கைக் கேட்டார்கள். தாயின் தகப்பனாரைப் பெற்றவள் போன்ற பாட்டிமாரின் பங்கு பற்றியது அது.

ஃபராயிளு தேவைப்படாத வீடு உண்டா? கோடம்பாக்கத்தில் நம்மிடம் அதைக் கேட்டு வருவோரில் பெரும்பாலோர், மையித்தை அடக்கிப் பல வருஷங்கள் கழித்து, அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திய பின்னரே வருகிறார்கள். முன்பே கேட்டிருக்கலாமே என்றால், வெட்கமாக இருந்தது என்கிறார்கள். பெண்மக்கள் கேட்டுவிட்டாலோ சொத்தாசை என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

இந்த நிலையிலா கேட்பது என்று ஃபகீஹ் இரங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேலல்லவா என்ற கருத்தில் பீரூனி அவர்கள் பதிலளிக்கவே, அவரும் விளக்கிச் சொன்னார். அவர்கள் கேட்டு மனனம் செய்துகொண்டார்கள். ஃபகீஹ் விடைபெற்று வெளியேறி வழியில் போய்க்கொண்டிருக்கையில், பின்னால் அந்த வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்தது.